கண்டமான விமானங்கள்: காப்பதா, உடைப்பதா?

மிக்-21 போர் விமானங்களுக்கு 2025 செப்டம்பர் 26 அன்று சண்டீகரில் விடை கொடுத்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் முன்னிலையில் விழா நடந்தது. விமானப் படைத் தலைமைத் தளபதியே அன்று ஒரு மிக்-21 விமானத்தை ஓட்டினார். தரையிறங்கி வந்த விமானங்களின் மீது இரு புறமும் தண்ணீரைப் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். 1963-ல் இதே சண்டீகரில்தான் இந்த ரகம் நமது விமானப் படையில் சேர்ந்தது. ரஷ்யாவிலிருந்து வந்தவையும் நாசிக் தொழிற்சாலையில் நம் தொழிலாளர்கள் செய்தவையுமாக, 62 ஆண்டுகளில் 870-க்கும் மேற்பட்ட மிக்-21கள் சேவையில் இருந்திருக்கின்றன.

விழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு எழும் கேள்விக்குப் பத்திரிகைகளில் அவ்வளவாக இடம் கிடைப்பதில்லை. மிஞ்சி நிற்கும் விமானங்களை என்ன செய்வது? பத்திரமாக வைத்துக் காப்பதா, உடைத்துப் பழைய உலோகமாக விற்பதா?

ரயில்வேயில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு பெட்டியோ என்ஜினோ ஓடி முடிந்தால் அதைக் கண்டம் செய்வார்கள். கமிட்டி பார்வையிடும், கையெழுத்துகள் விழும், பட்டியலில் ஏறும், ஒரு நாள் ஏலம் போகும். அதற்கு ஆகும் காலமெல்லாம் அது யார்டின் கடைசித் தண்டவாளத்தில் புல் முளைத்து நிற்கும். முதலில் பித்தளை காணாமற் போகும், அடுத்து செம்பு. ஏலக்காரர் வரும்போது இரும்பு மட்டும் மிஞ்சியிருக்கும். இதே கதி விமானங்களுக்கும் வர வேண்டுமா என்பதுதான் இங்கே யோசிக்க வேண்டியது.

உடைத்து விடலாம் என்பவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. பறக்காத விமானத்துக்கும் இடம் வேண்டும், காவல் வேண்டும், ஆண்டுதோறும் செலவு உண்டு. ரகசியமும் ஒரு காரணம். அமெரிக்கா தன் எஃப்-14 விமானங்களை 2006-ல் ஓய்வு பெறச் செய்தபோது, அவற்றில் பெரும்பகுதியை இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக்கியது. அதே ரகத்தை வைத்திருந்த ஈரானுக்கு உதிரிப் பாகங்கள் கைமாறிப் போய்விடக் கூடாது என்ற அச்சமே காரணம். மிக்-21 விஷயத்தில் மனக்கசப்பும் சேர்ந்திருக்கிறது. 1971-72 முதல் 2012 ஏப்ரல் வரை மிக் வகை விமானங்கள் 482 விபத்துக்குள்ளாயின என்றும், 171 விமானிகள் உயிரிழந்தனர் என்றும் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். மகனை இழந்த ஒரு தாய், இந்த விமானத்தை நொறுக்கித் தள்ளுங்கள் என்று சொன்னால் எதிர்த்துப் பேச எவருக்கும் வாய் வராது.

ஆனாலும், பழைய விமானம் என்றால் வெறும் தகரம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கான்பூர் கதையைத் தெரிந்து கொள்ள வேண்டும். நம் நாட்டின் முதல் கனரகக் குண்டுவீச்சு விமானப் படையே குப்பை மேட்டிலிருந்து எழுந்து வந்ததுதான்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது, கான்பூர் சகேரி விமான தளத்தில் சுமார் நூறு லிபரேட்டர் விமானங்கள் நின்றிருந்தன. நான்கு என்ஜின் கொண்ட பெரிய குண்டுவீச்சு விமானங்கள். அமெரிக்கா அவற்றை யுத்த கால ஒப்பந்தப்படி பிரிட்டனுக்கு இரவலாகக் கொடுத்திருந்தது. யுத்தம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் விலை கொடுக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் எவருக்கும் பயன்படாதபடி அழித்துவிட வேண்டும். பிரிட்டிஷார் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். என்ஜின்களுக்குள் மணலைக் கொட்டினார்கள். உடல்களைக் குத்திக் கிழித்தார்கள். இனி இவை பறக்கா என்ற நம்பிக்கையோடு ஊருக்குக் கப்பலேறினார்கள்.

சுதந்திரம் வந்தது, கூடவே காஷ்மீர் யுத்தமும் வந்தது. கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை, வாங்கப் பணமும் இல்லை. அப்போதுதான் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் கான்பூருக்குப் போய் அந்தக் குவியலைப் பார்த்தார்கள். ஒன்றில் இறக்கை நன்றாக இருந்தது, இன்னொன்றில் சக்கரம், மற்றொன்றில் என்ஜின். ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றில் பூட்டி, பறக்கும் அளவுக்கு மட்டும் அங்கேயே சரி செய்தார்கள். அப்படி ஒட்டுப் போட்ட விமானங்களைக் கான்பூரிலிருந்து பெங்களூர் வரை ஓட்டி வந்தவர், தொழிற்சாலையின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி. வழியில் எது கழன்று விழும் என்று யாருக்கும் தெரியாத பயணம் அது. பெங்களூரில் முழுப் பழுதும் பார்க்கப்பட்டு, 1948 நவம்பரில் முதல் விமானங்கள் படையில் சேர்ந்தன. நாளடைவில் சுமார் நாற்பது லிபரேட்டர்கள் உயிர் பெற்றன. 1968 முடிய, இருபது ஆண்டுகள் அவை சேவை செய்தன. பிற்காலத்தில் நமது கடற்பரப்பை ரோந்து சுற்றியவையும் அவைதாம்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? நூறு விமானங்களும் ஒரே இடத்தில் நின்றன. அழிக்க வந்தவர்கள் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக உடைத்திருந்தார்கள். இவற்றைவிட முக்கியமாக, யுத்த காலத்தில் பெங்களூர் தொழிற்சாலை அமெரிக்கப் படையின் விமானங்களைப் பழுது பார்க்கும் தளமாக இருந்தது. அந்த இயந்திரங்களைத் தொட்டுப் பழகிய பிட்டர்களும் மெக்கானிக்குகளும் அங்கே இருந்தார்கள். விமானம் இருந்து அந்தக் கைகள் இல்லாமற் போயிருந்தால், சகேரி தளத்தில் இருந்தவை காயலான் கடைக்குத்தான் போயிருக்கும்.

அந்த லிபரேட்டர்களில் ஒன்றை நம் தில்லி பாலம் விமானப் படைக் காட்சியகத்தில் காணலாம். வேறு சில, உலகில் அந்த ரகமே அருகிப் போன பின், பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் காட்சியகங்களுக்குப் போயின. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரிலுள்ள பீமா விமானக் காட்சியகத்தில் நிற்பது அவற்றில் ஒன்று. தயாரித்த நாடே தன்னுடையதை உருக்கித் தீர்த்துவிட்டு, நாம் குப்பையிலிருந்து எடுத்ததைக் கேட்டு வாங்கிக் கொண்டது.

அதே டூசான் நகரில், பீமா காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே, உலகின் மிகப் பெரிய விமானக் கிடங்கும் இருக்கிறது. கிடங்கு என்றால் கட்டடம் என்று நினைக்க வேண்டாம்; பாலைவனம்தான். 1946 முதல் அங்கே ஓய்வு பெற்ற ராணுவ விமானங்களை நிறுத்தி வைக்கிறார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை வரிசையாக நிற்கும். மழை குறைவு, காற்றில் ஈரம் இல்லை, மண் கெட்டியாக இருப்பதால் தளம் போட வேண்டியதில்லை. எண்ணெயை வடித்து, திறப்புகளையும் கண்ணாடிகளையும் வெள்ளைப் பூச்சால் மூடி, எந்த விமானத்திலிருந்து எந்தப் பாகம் எடுக்கப்பட்டது என்று கணக்கு எழுதி வைக்கிறார்கள். 2008-ல் அங்கே போன ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம், வேறொரு விமானம் தீ விபத்தில் சேதமானதால் 2015-ல் மீண்டும் படைக்குத் திரும்பியது. உடைக்க வேண்டியதை உடைப்பதும் அங்கேதான். 1991-ல் சோவியத் யூனியனோடு செய்த ஆயுதக் குறைப்பு உடன்படிக்கைப்படி 365 பி-52 விமானங்களைக் கனத்த கத்தியால் வெட்டி, ரஷ்ய செயற்கைக் கோள்கள் பார்த்து உறுதி செய்து கொள்ளட்டும் என்று துண்டுகளை வெட்டவெளியில் போட்டு வைத்தார்கள். காப்பதானாலும் உடைப்பதானாலும் அவர்கள் கணக்கோடு செய்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாமோ இன்று பிறர் வைத்துக் காத்ததைத் தேடிப் போகிறோம். 1979 முதல் நம்மிடமுள்ள ஜாகுவார் விமானங்களை உலகில் வேறெந்த நாடும் இப்போது பறக்கவிடுவதில்லை. புதிய பாகங்கள் செய்வோர் இல்லை. ஆகவே பிரான்சு தன் பழைய ஜாகுவார்களில் 31 உடல்களைத் தருகிறது என்று 2018-ல் செய்தி வந்தது. ஓமனிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் கூட உடல்களையும் பாகங்களையும் பெற ஏற்பாடானது. அதே போல, பிரான்சு ஓய்வு கொடுத்த 24 மிராஜ்-2000 விமானங்களை முக்கியமாக உதிரிப் பாகங்களுக்காக வாங்குவதாக 2021-ல் செய்தி வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சிக்கனமான காரியமே. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் பரணில் பத்திரமாக வைத்திருந்த பாத்திரத்தைக் கேட்டு வாங்கிவரும் வீட்டில், தன் பாத்திரத்தை மட்டும் கொல்லையில் மழையில் போட்டு வைக்கலாமா?

டகோடா விஷயமும் இப்படித்தான். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் சிப்பாய்களைக் கொண்டு போய் இறக்கியது டகோடா ரக விமானம். அன்று அது போகாமல் இருந்திருந்தால் காஷ்மீர் கதை வேறு. பல பத்தாண்டுகள் உழைத்த பின் அந்த ரகத்துக்கு ஓய்வு கொடுத்தோம். பறக்கும் நிலையில் ஒரு டகோடா வேண்டும் என்று பின்னாளில் ஆசை வந்தபோது, முன்னாள் டகோடா விமானி ஒருவரின் மகனான ராஜீவ் சந்திரசேகர், கண்டமான ஒரு டகோடாவைத் தன் பணத்தில் வாங்கி, பிரிட்டனில் பழுது பார்த்து, விமானப் படைக்குக் கொடுத்தார். 2018-ல் அது தில்லிக்குப் பக்கத்தில் ஹிண்டன் தளத்துக்கு வந்து சேர்ந்தது. தனி மனிதர் ஒருவருக்குத் தந்தையின் நினைவு இருந்ததால் நடந்த காரியம். இதை ஒரு முறை என்று எடுத்துக் கொள்ள முடியாது.

பாகங்களுக்காக மட்டுமே காக்க வேண்டும் என்பதில்லை. 1950-களில் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிக்க ராமேஸ்வரத்திலிருந்து ஒரு மாணவர் வந்தார். கல்லூரியில் ஓய்வு பெற்ற இரண்டு விமானங்களைப் பாடத்துக்காக நிறுத்தியிருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவர் அவற்றின் அருகே உட்கார்ந்திருப்பாராம். விமானப் பொறியியலை எடுத்துப் படிக்கத் தம்மைத் தூண்டியது அவைதாம் என்று அப்துல் கலாம் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். படிப்பு முடிந்ததும், வேலைக்கான பேட்டிக்கு ரயிலேறித் தில்லிக்கு வந்த எத்தனையோ தமிழ் இளைஞர்களில் அவரும் ஒருவர். அந்த இரண்டு விமானங்களையும் எடை போட்டு விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பார்கள். விமானம் அப்படியல்ல. அலுமினியமும் எஃகும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளே அரித்துக் கொண்டே போகும்; வெளியே அடித்த பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ரப்பர் வெயிலில் வெடிக்கும். காற்று போகும் வாயில் காக்கை கூடு கட்டும். நாட்டில் எத்தனையோ ஊர்களில் நாற்சந்தியிலும் பூங்காவிலும் கம்பத்தின் மேல் ஏற்றி வைத்த போர் விமானங்கள் இந்த நிலையில்தான் உள்ளன. திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார். அடுத்த மழைக்குப் பிறகு எவரும் வரமாட்டார்.

1967-ல் ஏற்பட்ட பாலம் காட்சியகத்திலேயே இந்த வித்தியாசத்தைக் காணலாம். 1932-ல் விமானப் படை தொடங்கிய காலத்து வாபிடி விமானம் கூரைக்குக் கீழே நிற்கிறது. துணி போர்த்திய அந்தப் பழங்கால விமானம் இன்றும் கம்பீரமாக இருக்கிறது. பெரிய விமானங்களுக்குக் கூரை இல்லை. கான்பூரில் மணலையும் கடப்பாரையையும் தாங்கிப் பிழைத்த லிபரேட்டர், பாலத்தில் பல காலமாகத் தில்லியின் மே மாத வெயிலையும் ஜூலை மழையையும் டிசம்பர் பனியையும் தாங்கி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே. புரத்திலிருந்தும் கரோல்பாகிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துப் போகும் நம்மவர்களுக்கு அதன் கதையைத் தமிழில் வேண்டாம், இந்தியிலாவது விரிவாக எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கடற்படையிலும் இரண்டு விதமும் நடந்திருக்கிறது. 1971 யுத்தத்தில் வங்கக் கடலில் சாதனை புரிந்த பழைய விக்ராந்த் 1997-ல் ஓய்வு பெற்று, பம்பாயில் சில காலம் காட்சியகமாக இருந்து, பராமரிக்கப் பணமில்லை என்று 2014-ல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு உடைப்பவர்களிடம் போனது. அதன் உலோகத்தில் கொஞ்சம் மோட்டார் சைக்கிளில் கலந்து விற்பனையானதுதான் மிச்சம். மாறாக, நம் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பறந்து கொண்டிருந்த டியு-142 என்ற மாபெரும் ரோந்து விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றதும், அவ்வாண்டு டிசம்பருக்குள்ளேயே ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் காட்சியகமாக்கி விட்டார்கள். பொதுமக்கள் உள்ளே ஏறிப் பார்க்கலாம். கால் நூற்றாண்டு நம் ஊர்த் தலைக்கு மேல் உறுமிய விமானத்தைப் பார்க்க நாம் ஆந்திராவுக்குப் போக வேண்டும். முன்கூட்டியே கேட்டவர்களுக்குக் கிடைத்தது. குறை சொல்லிப் பயனில்லை.

உடைப்பதிலும் கவனம் தேவை. அதை உடைப்பது பெரும்பாலும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நம் ஊரிலிருந்தும் பிழைக்க வந்த கூலியாட்கள். 2010-ல் தில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் சும்மா கிடந்த ஒரு கதிரியக்கக் கருவி ஏலத்தில் போய், மாயாபுரியில் அதைப் பிரித்தபோது கோபால்ட் வெளிப்பட்டு ஒரு தொழிலாளி இறந்தார், பலர் நோயுற்றனர். 2004-ல் காஜியாபாத் அருகே ஓர் உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்து வந்த ராணுவக் குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டனர். போர் விமானத்திலும் இத்தகைய ஆபத்துகள் உண்டு. ஆபத்து நேரத்தில் விமானியைத் தூக்கி எறியும் இருக்கையில் வெடிமருந்து இருக்கும். பழைய விமானங்களில் இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளில் ரேடியம் பூசியிருப்பார்கள். ஏலப் பட்டியலில் 'அலுமினியம், இத்தனை டன்' என்று ஒரே வரியில் எழுதிக் கை கழுவினால், அந்த வரியின் விலையைச் சுத்தியல் பிடித்தவன் கொடுப்பான்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? எல்லாவற்றையும் காக்க முடியாது, காக்கவும் வேண்டாம். ஒரு ரகத்தில் ஐந்தோ பத்தோ போதும். எவை காக்கப்படும், எவை உடைக்கப்படும் என்ற முடிவு ஓய்வு விழாவுக்கு முன்பே எடுக்கப்பட்டு எழுத்தில் இருக்க வேண்டும். காப்பவற்றுக்குக் கூரை வேண்டும். கூரைக்குப் பணம் எங்கே என்றால், உடைத்தவற்றை விற்ற பணம் இருக்கிறது. இன்று அது பொதுக் கணக்கில் போய்க் கலந்து விடுவதற்குப் பதிலாக, காப்பவற்றின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட வேண்டும். கொஞ்ச காலத்துக்கு உதிரிப் பாகமாகத் தேவைப்படக் கூடியவற்றை ராஜஸ்தானின் வறண்ட பகுதியில் கணக்கோடு நிறுத்தலாம். அங்கே மணற்காற்று உண்டு என்பது உண்மையே. மூடி வைத்தால் சமாளிக்கலாம். கேட்கும் ஊருக்கெல்லாம் விமானத்தைத் தூக்கிக் கொடுப்பதை நிறுத்தி, கூரை போட்டுத் தரத் தயாராக இருக்கும் பொறியியல் கல்லூரிக்கும் ஐ.டி.ஐ.க்கும் முதலிடம் கொடுக்க வேண்டும். நாற்சந்தியில் நிற்கும் விமானத்தைப் பார்த்துப் போக்குவரத்துக் காவலருக்கு மட்டுமே பொழுது போகும்.

விமானத்தோடு சேர்த்துக் காக்க வேண்டியது அதன் தொழில் அறிவு. இதற்கு ரயில்வேயிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலின் பழைய நீராவி என்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. அவை தேய்ந்து போனபோது திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011-க்குப் பின் புதிய நீராவி என்ஜின்களையே செய்து ஓட்டிக் காட்டினார்கள். நீராவிக் காலம் முடிந்துவிட்டது என்று நாடே சொன்ன பிறகும் பொன்மலையில் அந்த வேலை தெரிந்த கைகள் இருந்தன. தில்லி சாணக்கியபுரி ரயில் காட்சியகத்தின் 1855-ம் ஆண்டு ஃபேரி குயின் என்ஜினுக்கும் சென்னை பெரம்பூர் பட்டறைதான் மறு உயிர் கொடுத்தது. 1997-ல் அது மீண்டும் பயணிகளை ஏற்றி ஓடியது. மிக்-21 என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக் கூடியவர்கள் நாசிக்கிலும் சண்டீகரிலும் இன்றும் இருக்கிறார்கள். சிலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தெரிந்ததையெல்லாம் எழுதி வாங்கிக் கொள்வதற்குப் பெரிய செலவு ஆகப் போவதில்லை. இன்னும் பத்து ஆண்டு கழித்து எத்தனை செலவு செய்தாலும் அது கிடைக்காது.

மிக்-21க்கு அடுத்தபடியாக ஓய்வு வரிசையில் நிற்பவை ஜாகுவார்கள். பிரான்சும் ஓமனும் காத்து வைத்திருந்த பாகங்களால் ஓடிக் கொண்டிருக்கும் அந்த விமானங்களுக்கும் ஒரு நாள் தண்ணீர் பீய்ச்சி விழா நடக்கும். அந்தப் பட்டியலை இப்போதே எழுதத் தொடங்கலாம்.